எதிர்காலத்தை வரைந்தோரும் அவர்தம் நிகழ்காலமும்: விஞ்ஞானப் புனைகதை ஓவியர் குறித்த ஒரு நோக்கு

1

விஞ்ஞானப் புனைகதை ஓர் இலக்கிய வகையாக ஏற்றுக்கொள்ளப்பட்டு, அதன் தோற்றம், வளர்ச்சி, சமூகப் பயன் ஆகியன பற்றிய ஆய்வுகள் மேலைத்தேயப் பல்கலைக்கழகங்களில் மேற்கொள்ளப்படத் தொடங்கி அரை நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. ஆயினும், அவ்விலக்கியத்தோடு உடன்பிறந்ததாயும் சில சந்தர்ப்பங்களில் அதற்கு முற்பட்டதாயும் விளங்கிய சித்திரக்கலை பற்றி இலக்கிய விமர்சகர் அதிகம் சிந்தித்தனர் எனக் கூறமுடியாது. விண்கலம், இயந்திர மனிதன், வேற்றுலக உயிரி, வானளாவிய நகரம் என்ற சொற்களைக் கேட்டதும் எமது மனக்கண்ணில் எழும் உருவங்களிற் பலவற்றைப் பரவலாக்கியோர், சஞ்சிகைகளுக்குப் படம் வரைந்து பிழைத்த ஒரு சிலரே. அவர்கள் யாவர், எவ்வாறு வாழ்ந்தனர், என்ன ஊதியம் பெற்றனர், எவ்வாறு இறந்தனர் என்ற வினாக்கள் கலை வரலாற்றின் புறத்தே நின்றுவிட்டன.

இவ்வோவியர் தொடர்பாக இரு மனப்பாங்குகள் மேலோங்கி நிற்கின்றன. உயர்கலையையே கலையெனக் கொள்வோர், இவை மலிவான சஞ்சிகைகளின் விற்பனைக்காக வரையப்பட்டவை என்பதனாலேயே இவற்றைக் கருத்திற் கொள்ளாது விடுகின்றனர். மறுபுறத்தில் ரசிகர்களோ, ஒவ்வோர் ஓவியரையும் தனித்த மேதையாகக் கண்டு, பழைய இதழ்களைச் சேகரித்துப் போற்றுவதோடு அமைதி கொள்கின்றனர். இவ்விரண்டையும் மறுத்து எழும் மூன்றாவது போக்கொன்றும் உண்டு. வணிகச் சந்தையின் விளைபொருள் என்ற ஒரே சூத்திரத்துள் இவையனைத்தையும் அடக்கிவிடும் இப்போக்கு முற்போக்கு விமர்சனத்தின் பெயராலேயே முன்வைக்கப்படுவதுண்டு. சந்தை என்ற ஒரே காரணத்திலிருந்து ஒன்றோடொன்று ஒவ்வாத ஓவியங்களும் ஒன்றோடொன்று ஒவ்வாத வாழ்க்கைகளும் பிறந்தமை எவ்வாறு என்பதை அச்சூத்திரத்தால் விளக்க முடியாது.

எனவே, தொழிற்களம் என்ன நிபந்தனைகளை விதித்தது என்பதையும், அந்நிபந்தனைகளுள் நின்று ஒவ்வொருவரும் எதனைச் சாதித்தனர், எதனை இழந்தனர் என்பதையும் சேர்த்து நோக்குதலே பொருத்தமானது. இத்தொழில் முதலில் ஒரு துறையாக உருப்பெற்ற ஐக்கிய அமெரிக்காவின் சஞ்சிகை உலகையே, அதிலும் 1926 தொடக்கம் 1970கள் வரையான காலப்பகுதியையே, நாம் முதன்மையாக எடுத்துக்கொள்கிறோம்.

2

மரக்கூழினாற் செய்யப்பட்ட மலிவுத் தாளில் அச்சிடப்பட்டமையால் 'பல்ப்' எனப் பெயர்பெற்ற கதைச் சஞ்சிகைகள், அமெரிக்க நகரங்களின் பத்திரிகைக் கடைகளிற் பல டசின் கணக்கில் ஒன்றோடொன்று போட்டியிட்டன. உள்ளே கறுப்பு மை, கரடுமுரடான தாள். வெளியே மட்டும் வழவழப்பான வண்ண அட்டை. வாங்குவோனின் கண் ஒரு கணம் தங்கும் இடம் அவ்வட்டையே. ஆகவே அட்டைப்படம், கதைக்கு விளக்கம் என்ற நிலையைக் கடந்து, பண்டத்தை விற்கும் முதற் கருவியாக அமைந்தது.

லக்ஸம்பேர்க்கிலிருந்து குடிபெயர்ந்து, வானொலி உபகரண வணிகத்திலும் தொழில்நுட்பச் சஞ்சிகைகளிலும் ஈடுபட்டிருந்த ஹியூகோ கேண்ஸ்பக், விஞ்ஞானப் புனைகதைக்கென்றே 'அமேஸிங் ஸ்ரோரீஸ்' என்னும் சஞ்சிகையை 1926 ஏப்ரலில் ஆரம்பித்தார். அதன் முதலிதழின் அட்டையை வரைந்தவர் பிராங் ஆர். போல் (1884-1963). ஜூல்ஸ் வேர்ணின் நாவலொன்றுக்காக வரையப்பட்ட அப்படத்திலே, பனித்தரையில் மனிதர் சறுக்கி விளையாட, அவர்தம் தலைக்குமேல் வளையங்களோடு கூடிய சனிக்கிரகம் வானை நிறைத்து நிற்கிறது. போல் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசிற் பிறந்து, கட்டடக் கலைப் பயிற்சி பெற்று அமெரிக்கா சென்றவர். கேண்ஸ்பக்கின் தொழில்நுட்பச் சஞ்சிகைகளுக்கு ஏற்கெனவே படம் வரைந்துவந்தவர்.

படம் கதைக்கு முந்தியமைக்கு ஒரு தெளிவான சான்று உண்டு. 1926 டிசெம்பர் இதழில் கேண்ஸ்பக் போலின் அட்டைப்படமொன்றை வெளியிட்டு, அப்படத்துக்குப் பொருந்தும் கதையை எழுதி அனுப்புமாறு வாசகரைக் கேட்டுப் பரிசுப்போட்டி நடத்தினார். பரிசுத் தொகை மொத்தம் 500 டொலர். அப்போட்டியில் மூன்றாமிடம் பெற்ற கிளேர் விங்கர் ஹரிஸ், விஞ்ஞானப் புனைகதைச் சஞ்சிகைகளிலே தம் சொந்தப் பெயரில் எழுதிய முதற் பெண் எழுத்தாளராகக் கொள்ளப்படுகிறார். ஓவியனின் படமே இங்கு கதையை ஈன்றது. ஓவியம் இலக்கியத்தின் நிழல் என்னும் கருத்து இத்துறையைப் பொறுத்தவரை மீள்பரிசீலனைக்குரியது என்பதற்கு இது ஒன்றே போதுமானது.

போலின் ஓவியங்களில் இயந்திரங்களுக்கு உயிர் உண்டு. மனிதருக்கு அது குறைவு. கட்டடங்கள், கோபுரங்கள், குழாய்கள், சக்கரங்கள் ஆகியன பயின்ற கையின் உறுதியோடு வரையப்பட்டிருக்க, மனித உருவங்கள் விறைத்து, பொம்மைகள் போல ஒரு மூலையில் நிற்கின்றன. இதனை அவரது திறமைக் குறைவாக மட்டும் கூறிவிடுவது வழக்கம். ஆனால், தொழில்நுட்பமே மனித வரலாற்றை முன்னெடுத்துச் செல்லும் சக்தி என்று நம்பிய ஒரு சஞ்சிகையின் உலக நோக்குக்கு இக்குறைபாடு எத்துணை இசைவாக அமைந்தது என்பதும் மனங்கொள்ளத்தக்கது. நூறு மாடி நகரம் அப்படங்களிற் காட்சியளிக்கிறது. அந்நகரில் யார் உழைக்கின்றனர், யாருக்கு அது உரியது என்ற வினா எழுவதில்லை.

கேண்ஸ்பக்கின் நிறுவனம் 1929 இல் முறிவடைந்து, 'அமேஸிங் ஸ்ரோரீஸ்' அவர் கையை விட்டுச் சென்றபோது, போல் அவரைப் பின்தொடர்ந்து அவருடைய புதிய சஞ்சிகைகளுக்கு வரைந்தார். 1939 யூலையில் நியூ யோர்க்கில் நடைபெற்ற முதலாவது உலக விஞ்ஞானப் புனைகதை மாநாட்டின் சிறப்பு விருந்தினர் அவரே. எழுத்தாளர் ஒருவரை விடுத்து ஓவியர் ஒருவரை மாநாட்டினர் தெரிவுசெய்தமை, அவ்வாசகரிடையே படம் பெற்றிருந்த இடத்தைக் காட்டும். அதே மாநாட்டின் வாயிலில், இடதுசாரிச் சார்புடைய 'பியூச்சூரியன்' குழுவைச் சேர்ந்த அறுவர் உட்செல்ல அனுமதி மறுக்கப்பட்டனர் என்பதையும் குறிப்பிடுதல் வேண்டும். எதிர்காலத்தைக் கொண்டாடிய மண்டபத்தில், எதிர்காலச் சமுதாயம் பற்றிய விவாதத்துக்கு இடம் அளிக்கப்படவில்லை.

3

ஓவியனின் உலகநோக்கும் அவன் வரையும் படமும் நேரடியாக ஒன்றுக்கொன்று ஒத்திருக்கும் எனக் கருதுவோருக்கு மாகரட் பிரண்டேஜின் (1900-1976) வாழ்வு ஒரு சோதனை. சிக்காகோ நகரிற் பிறந்த இவர், 'வியேட் ரேல்ஸ்' சஞ்சிகைக்கு 1932 முதல் 1945 வரை 66 அட்டைப்படங்களை வரைந்தார். அச்சஞ்சிகை மாயக் கதைகளையும் திகிற் கதைகளையும் பெரிதும் வெளியிட்டதெனினும் விஞ்ஞானப் புனைகதைக்கும் இடமளித்தது. ஓவியர் உலகும் வாசகர் கூட்டமும் பெருமளவு ஒன்றாகவே இருந்தன.

பிரண்டேஜ் சிக்காகோவின் தீவிரவாத அறிவாளர் வட்டத்தைச் சேர்ந்தவர். அவர் மணந்துகொண்ட சிலிம் பிரண்டேஜ், உலகக் கைத்தொழிற்றுறைத் தொழிலாளர் சங்கத்தின் போராட்டங்களில் ஈடுபட்டவர். தொழிலாளரும் கவிஞரும் அராஜகவாதிகளும் கூடிப் பேசிய 'டில் பிக்கிள்' கழகத்தோடு இருவருக்கும் தொடர்பிருந்தது. பின்னாளில், கறுப்பின ஓவியர்களுக்குக் களமமைத்த சிக்காகோ தென்பகுதிச் சமூகக் கலை நிலையத்தோடும் மாகரட் தொடர்பு கொண்டிருந்தார்.

இத்தகைய ஒருவர் வரைந்த படங்கள் எவை? ஆடை குறைந்த இளம்பெண்கள் சவுக்குக்கும் கத்திக்கும் அஞ்சி ஒடுங்கும் காட்சிகளே அவற்றுட் பிரசித்தி பெற்றவை. இப்படங்கள் விற்பனையை உயர்த்தின; கதாசிரியர் சிலர் அட்டையில் இடம்பெறும் நோக்குடன் அத்தகைய காட்சியொன்றைத் தம் கதையில் வலிந்து புகுத்தினர். படமொன்றுக்கு அவர் பெற்றது 90 டொலர். 1930களின் பெருமந்தக் காலத்திலே, நிலையான வருவாயற்ற கணவனோடும் நோயுற்ற தாயோடும் இளம் மகனோடும் குடும்பச் சுமையைத் தாங்கிய பெண்ணுக்கு அத்தொகை இன்றியமையாததாக இருந்தது. அரசியலிற் கிளர்ச்சியாளராயிருந்தும் அவர் ஆணாதிக்க இரசனைக்குத் தீனியிட்டார் எனக் கண்டிப்பது எளிது. அவருடைய தூரிகையை இயக்கிய நிர்ப்பந்தத்தை இனங்காணாத கண்டனம் ஒழுக்கப் போதனையாகவே முடியும். அதேவேளை, நிர்ப்பந்தத்தைக் காட்டி அப்படங்களின் கருத்தியலை மன்னித்துவிடுவதும் விமர்சனத்தின் பணியாகாது. இரண்டையும் ஒருங்கே கூறவேண்டியுள்ளது.

1938 இல் 'வியேட் ரேல்ஸ்' கைமாறி நியூ யோர்க்குக்கு இடம்பெயர்ந்தது. பிரண்டேஜ் பயன்படுத்தியது பாஸ்டல் என்னும் வண்ணக்கட்டி. தொட்டால் உதிரும் தன்மையது. சிக்காகோவில் இருந்தபோது படத்தை நேரே கொண்டுசென்று கொடுக்க முடிந்தது. நியூ யோர்க்குக்கு அனுப்புவது கடினமாயிற்று. அதேகாலத்தில் நியூ யோர்க் நகர நிருவாகம் ஆபாசச் சஞ்சிகைகளுக்கு எதிராக நடவடிக்கை எடுத்துவந்தமையால் அவருடைய பாணிக்கும் மதிப்புக் குறைந்தது. பதினான்கு ஆண்டுகளுட் பெருமளவு படைத்த ஒருவரின் தொழில் அவ்வாறு தேய்ந்து முடிந்தது. அவர் வறுமையிலேயே முதுமையைக் கழித்தார்.

4

விஞ்ஞானப் புனைகதை உலகின் உயர்ந்த கௌரவமாக இன்று மதிக்கப்படும் ஹியூகோ விருதுகள், கேண்ஸ்பக்கின் பெயரால் 1953 இல் பிலடெல்பியாவில் முதன்முறையாக வழங்கப்பட்டன. அவ்வாண்டு ஓவியத்துக்கு இரு விருதுகள். உட்பக்கச் சித்திரத்துக்கான விருதை வேர்ஜில் பின்லே பெற்றார். அட்டைப்படத்துக்கான விருதை ஹனெஸ் பொக், எட் எம்ஷ்விலர் ஆகிய இருவரும் சமமாகப் பெற்றனர். ஒரே மேடையிற் போற்றப்பட்ட இம்மூவரின் பிற்கால வாழ்வை ஒப்பிட்டு நோக்குதல் எமது வினாவுக்குப் பெரிதும் உதவும்.

பின்லே (1914-1971) நியூ யோர்க் மாநிலத்தின் றொச்செஸ்ரர் நகரிற் பிறந்தவர். 1935 டிசெம்பரில் 'வியேட் ரேல்ஸ்' வழியாக அறிமுகமானார். பேனா முனையை மையில் தோய்த்து, ஒரு புள்ளியிட்டு, துடைத்து, மீண்டும் தோய்த்து, ஆயிரக்கணக்கான புள்ளிகளினால் ஒளியும் நிழலும் அமைப்பது அவரது முறை. கரிய பூச்சுக்கொண்ட பலகையைச் சுரண்டி வெண்கோடுகளை எழுப்பும் முறையையும் அவர் கையாண்டார். அத்துணை நுண்மையான வேலை மலிவுத் தாளில் அச்சேறுமா என்ற ஐயத்தில், ஆசிரியர் பாண்ஸ்வேத் றைற் பரீட்சார்த்தமாக அச்சிட்டுப் பார்த்த பின்னரே ஏற்றுக்கொண்டார் என்பது இத்துறையில் நன்கறியப்பட்ட செய்தி. எச்.பி. லவ்கிராவ்ற் பின்லேயின் சித்திரமொன்றைப் பாராட்டிக் கவிதை இயற்றினார்.

இங்குதான் இத்தொழிலின் அடிப்படை முரண்பாடு தெளிவாகின்றது. கூலி, உருப்படிக் கணக்கில் வழங்கப்பட்டது. ஒரு படத்துக்கு இவ்வளவு என்பதே பேச்சு. அதனை ஒரு நாளில் வரைந்தாலும் ஒரு வாரத்தில் வரைந்தாலும் பெறும் தொகை ஒன்றே. ஆகவே உழைப்பை மிகுதியாகச் செலுத்தும் ஓவியன், தன் கலைச் செம்மையின் பொருட்டே தன் மணித்தியாலக் கூலியைத் தானே குறைத்துக்கொண்டவனாகின்றான். பின்லே இட்ட ஒவ்வொரு புள்ளியும் அவ்வாறு ஈடுசெய்யப்படாத உழைப்பு. ஏபிரகாம் மெறிற் என்னும் எழுத்தாளர்-ஆசிரியர் 1938 இல் அவரை 'அமெரிக்கன் வீக்லி' என்னும் பத்திரிகையில் அமர்த்தியபோது சில காலம் நிலையான சம்பளம் கிடைத்தது. போர்க்காலத்திற் படையிற் சேர்ந்து பசிபிக் களத்திற் பணியாற்றித் திரும்பினார். 1950களின் நடுப்பகுதியில் பல்ப் சஞ்சிகைகள் மறைந்தன; 1957 இல் 'அமெரிக்கன் நியூஸ்' என்ற பெரும் விநியோக நிறுவனம் தன் சஞ்சிகை விநியோகத்தைக் கைவிட்டதோடு எஞ்சிய சிறு சஞ்சிகைகளும் அடிபட்டன. இந்நிலையிற் பின்லே சோதிடச் சஞ்சிகைகளுக்குப் படம் வரைந்து காலங்கழித்தார். விஞ்ஞானத்தின் எதிர்காலத்தை மக்கள் மனத்திற் பதியவைத்த கை, இராசிபலன் பக்கங்களை அலங்கரித்துப் பிழைக்க வேண்டியதாயிற்று. 1971 சனவரியில், 56 ஆவது வயதிற் புற்றுநோயால் அவர் இறந்தார். அவரது ஓவியத் தொகுப்பு நூல் அதே ஆண்டில் வெளிவந்தது.

ஹனெஸ் பொக் (1914-1964) என்பது புனைபெயர். இயற்பெயர் வெயின் வூடார்ட். பெருமந்தக் காலத்தில் அரசு நடத்திய வேலைத் திட்டத்தின் கீழ் சியாற்றிலிற் பணிபுரிந்தவர். வறிய இளைஞராயிருந்த ரே பிராட்பரி, 1939 மாநாட்டுக்கு நியூ யோர்க் சென்றபோது தம் நண்பர் பொக்கின் ஓவியங்களையும் உடன் எடுத்துச்சென்று ஆசிரியர்களிடம் காட்டினார். அதன் விளைவாக அவ்வாண்டு டிசெம்பர் 'வியேட் ரேல்ஸ்' அட்டையைப் பொக் வரைந்தார். மக்ஸ்பீல்ட் பரிஷ் என்னும் ஓவியரைப் பின்பற்றி, ஒளி ஊடுருவும் வண்ணப் படலங்களை ஒன்றன்மேலொன்றாகப் பூசி உலரவிட்டு வரைவது அவர் முறை. இதுவும் காலத்தை விழுங்கும் முறையே என்பதைக் கூறவேண்டியதில்லை. ஊதியம் பற்றியும் படத்தின் அமைப்புப் பற்றியும் அவர் ஆசிரியர்களோடு அடிக்கடி முரண்பட்டார். சந்தையோடு சமரசம் செய்ய மறுத்த அவருக்கு வேறு ஆதாரம் எதுவும் இருக்கவில்லை. சஞ்சிகை வேலை குறைந்தது. சோதிட ஈடுபாடு மிகுந்து, தனிமையிலும் வறுமையிலும் வாழ்ந்து 49 ஆவது வயதில் நியூ யோர்க்கில் இறந்தார். அவர் நினைவைப் பேணும் நிறுவனம் 1967 இல் நண்பரால் அமைக்கப்பட்டது.

எம்ஷ்விலரின் (1925-1990) கதை வேறு. மிச்சிகன் பல்கலைக்கழகத்திலும் பின்னர் பாரிஸிலும் கலை பயின்ற அவர், 1951 முதல் 'கலக்ஸி' முதலிய சஞ்சிகைகளுக்கு 'எம்ஷ்' என்ற கையொப்பத்தோடு நூற்றுக்கணக்கில் வரைந்தார். ஐந்து முறை ஹியூகோ விருது பெற்றார். ஆனால் 1964 இல் போர்ட் மன்றத்தின் நிதியுதவி பெற்றதும் அட்டைப்படத்தை விட்டு நீங்கிப் பரீட்சார்த்தத் திரைப்படத்துள் நுழைந்தார். 1979 இல் கணினியின் துணையோடு அவர் உருவாக்கிய 'சன்ஸ்ரோன்' என்ற மூன்று நிமிடப் படைப்பு, கணினி அசைவோவியத்தின் முன்னோடிகளுள் ஒன்றாகக் கணிக்கப்படுகிறது. அதே ஆண்டில் கலிபோர்னியாக் கலைக் கல்வி நிறுவனத்தின் திரைப்படத் துறைத் தலைமையை ஏற்று இறக்கும்வரை வகித்தார்.

மூவருள் எம்ஷ்விலர் மட்டும் தப்பினார் என்பதனால் அவரே மற்றிருவரிலும் சிறந்த ஓவியர் என்றாகாது. கோட்டின் நுண்மையிற் பின்லேக்கு நிகராக இத்துறையில் எவரையும் கூறல் அரிது. பல்கலைக்கழகக் கல்வி, மன்ற நிதி, கல்வி நிறுவனப் பதவி என்ற மூன்று படிகள் எம்ஷ்விலருக்கு வாய்த்தன. அவை மூன்றும் சஞ்சிகைச் சந்தைக்கு வெளியே அமைந்தவை. மேதைமை பற்றிய ரசிகர் விளக்கம் இந்த வேறுபாட்டைக் காண்பதில்லை.

5

சஞ்சிகைக்கு வெளியே ஓர் ஆதாரம் என்னும் இக்கருத்தை வேறு சில உதாரணங்களாலும் பரீட்சித்துப் பார்க்கலாம்.

செஸ்லி பொனஸ்ரெல் (1888-1986) தம் 17 ஆவது வயதில் லிக் வானாய்வுக்கூடத்தின் தொலைநோக்கியூடாகச் சனியைக் கண்டு வரைந்த ஓவியம், 1906 சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தைத் தொடர்ந்த தீயில் அழிந்தது. கட்டடக் கலைஞராகக் கிறைஸ்லர் கட்டட வடிவமைப்பிற் பங்குகொண்டவர். ஹொலிவூட்டிற் பின்னணி ஓவியராக 'சிற்றிசன் கேன்' முதலிய படங்களிற் பணிபுரிந்தவர். இவ்விரு தொழில்களிலும் பெயரும் பொருளும் ஈட்டியபின், ஐம்பத்தைந்து வயதைக் கடந்த நிலையில், 1944 மே மாதத்து 'லைஃப்' இதழில் ரைற்றான் என்னும் துணைக்கோளிலிருந்து காணப்படும் சனியின் காட்சியை வெளியிட்டார். 1952 முதல் 1954 வரை 'கொலியர்ஸ்' சஞ்சிகையில் வேர்ணர் வொன் பிறவுணின் கட்டுரைகளோடு வெளிவந்த அவரது ஓவியங்கள், விண்வெளிப் பயணத்துக்கான பொதுமக்கள் ஆதரவைத் திரட்டுவதிற் பெரும் பங்கு வகித்தன. நாசிப் படைக்கு ஏவுகணை செய்தவரின் திட்டம், நிர்மலமான வானும் அமைதியான பாறைகளும் கொண்ட ஓவியத்தின் துணையோடு அமெரிக்க மக்கள் முன் வைக்கப்பட்டது என்பதும் கவனத்துக்குரியது.

பத்து முறை ஹியூகோ விருது பெற்ற கெலி பிறீஸ் (1922-2005), தம் படங்களின் பிரதிகளைத் தாமே பதிப்பித்து விற்கும் ஏற்பாட்டைச் செய்தார். 'அஸ்ரவுண்டிங்' சஞ்சிகையின் 1953 ஒக்ரோபர் அட்டைக்கு அவர் வரைந்த, இறந்த மனிதனைக் கையில் ஏந்திய துயருற்ற இயந்திர மனிதன், 1977 இல் குயீன் இசைக்குழுவின் இசைத்தட்டு உறைக்காக மீண்டும் வரையப்பட்டது. லியோ டிலன் (1933-2012), டயான் டிலன் தம்பதியர், கறுப்பரும் வெள்ளையருமாய் இணைந்து ஒரே கையெனப் பணியாற்றியவர்கள். 1971 இல் ஹியூகோ விருது பெற்ற இவர்கள் சிறுவர் நூல்களுக்கும் வரைந்து 1976 இலும் 1977 இலும் கல்டிகொற் பதக்கத்தைப் பெற்றனர். அப்பதக்கத்தைப் பெற்ற முதல் ஆபிரிக்க அமெரிக்கர் லியோ. வெண்ணிற வீரனே எதிர்காலத்தின் உரிமையாளன் என்றிருந்த அட்டைப்பட மரபிலே, வெவ்வேறு நிற மக்களின் முகங்களையும் ஆபிரிக்கக் கலை மரபின் கோலங்களையும் இவர்கள் கொணர்ந்தமை உள்ளடக்கத்தில் ஏற்பட்ட உண்மையான மாற்றமாகும்.

வடிவத்தில் மாற்றத்தை ஏற்படுத்தியவர் றிச்சர்ட் பவர்ஸ் (1921-1996). 1956 முதல் 2008 இல் இறக்கும்வரை இலங்கையில் வாழ்ந்த ஆதர் சி. கிளார்க்கின் 'சைல்ட்ஹூட்ஸ் எண்ட்' நாவலுக்கு 1953 இல் பலன்ரைன் வெளியீட்டுக்காக அட்டை வரைந்தவர் அவரே. மீமெய்வாதத்தின் தாக்கம் கொண்ட அவருடைய ஓவியங்கள், விண்கலத்தை நுணுகி வரைவதை விடுத்து, அறியாததன் முன் மனிதன் கொள்ளும் திகைப்பையே சித்திரித்தன. காட்சிக்கூட ஓவியராகவும் அவர் விளங்கினார் என்பது மேற்கூறிய கருத்துக்கு அரண் செய்கிறது.

6

ஊதியத்தைப் போலவே உடைமையும் முக்கியமானது. பல்ப் காலத்தில் வெளியீட்டாளன் ஒரு படத்தை வாங்கினால், அச்சிடும் உரிமையோடு மூல ஓவியத்தையும் தானே வைத்துக்கொள்வது பெருவழக்கு. அச்சிட்டு முடிந்த மூலங்கள் பல வீசப்பட்டன. இன்னும் பல ரசிகர் மாநாடுகளுக்கு இலவசமாக வழங்கப்பட்டு, சில டொலர்களுக்கு ஏலத்தில் விற்கப்பட்டு, மாநாட்டுச் செலவை ஈடுசெய்தன. வரைந்தவனுக்கு அதில் ஒரு சதமும் இல்லை. அவ்வோவியங்கள் இன்று ஏலக் கூடங்களிற் பெரும் விலைக்குக் கைமாறுகின்றன. புலவனுக்கும் புரவலனுக்கும் இடையிலான பழைய உறவில் ஏற்றத்தாழ்வு இருந்ததெனினும் இருவரும் ஒருவரையொருவர் முகமறிந்தனர். இங்கோ உழைப்பு ஒருவனது, மதிப்பு வேறொருவனது, இலாபம் பின்னர் வந்த மூன்றாமவனது.

நிலைமை தானாக மாறியதன்று. விஞ்ஞானப் புனைகதை ஓவியரின் சங்கம் 1976 இல் அமைந்தது. பொனஸ்ரெல்லின் பெயரால் 1985 முதல் அது தன் விருதுகளை வழங்கிவருகிறது. 1978 இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம், எழுத்திலான உடன்பாடின்றி வெளியாரிடம் செய்வித்த படைப்பின் உரிமையை வெளியீட்டாளன் தனதெனக் கொள்வதைக் கட்டுப்படுத்தியது. பின்லேக்கும் பொக்குக்கும் காலங்கடந்து வந்த பாதுகாப்பு அது.

7

சந்தை ஒழிந்துவிட்டால் ஓவியன் தன்னிச்சையாக வரைவான் என முடிவுசெய்தல் அவசரமானது. சோவியத் ஒன்றியத்தில் ஓவியருக்குச் சங்கமும் அரசின் ஆதரவும் இருந்தன. அலெக்சி லியோனொவ் 1965 மார்ச்சில் விண்ணில் நடந்த முதல் மனிதர். அப்பயணத்திற் கொண்டுசென்ற வண்ணப் பென்சில்களாற் சூரியோதயத்தை வரைந்து, விண்வெளியில் ஓவியந் தீட்டிய முதல் மனிதருமானார். பின்னர் அந்திரேய் சொக்கலொவ் என்னும் ஓவியரோடு சேர்ந்து வரைந்த அவருடைய படங்கள் அஞ்சல் முத்திரைகளாகவும் நூல்களாகவும் மக்களிடையே பரவின. ஆயினும், ககாரின் பயணஞ்செய்த வொஸ்தொக் விண்கலத்தின் உண்மை வடிவம் 1965 வரை இரகசியமாகப் பேணப்பட்டமையால், தம் நாட்டின் மாபெரும் சாதனையை வரைந்த சோவியத் ஓவியர் அதன் உருவத்தைக் கற்பனை செய்தே வரைய நேர்ந்தது. அங்கே வயிற்றுக்கு உத்தரவாதம் இருந்தது. கண்ணுக்குத் திரை இருந்தது. உற்பத்திச் சாதனங்களின் உடைமை மாறுவதோடு, படைப்பாளி தன் படைப்பின்மீதும் அதற்கான அறிவின்மீதும் கொள்ளும் உரிமையும் மாறவேண்டும் என்பதையே இவ்வொப்பீடு உணர்த்துகிறது.

இவ்வுரிமை பற்றிய வினா பழங்கதையாகிவிடவில்லை. 2022 இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலக் கண்காட்சியில், விண்வெளி நாடக அரங்கொன்றைச் சித்திரித்த படம் எண்முறைக் கலைப் பிரிவிற் பரிசு பெற்றது. அது, எழுத்திலிட்ட கட்டளைக்கு ஏற்பப் படம் உருவாக்கும் கணினி நிரலின் துணையோடு ஆக்கப்பட்டது. 2023 சனவரியில் ஓவியர் மூவர், தம் படைப்புக்களை அனுமதியின்றித் திரட்டியே இத்தகைய நிரல்கள் பயிற்றப்பட்டன எனக் கூறிக் கலிபோர்னியாவில் வழக்குத் தொடுத்தனர். அதே ஆண்டு செப்டெம்பரில், மேற்படி பரிசுப் படத்தைப் பதிவுசெய்ய அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் மறுத்தது.

சிந்திக்கும் இயந்திரம் மனிதனின் சலிப்பூட்டும் உழைப்பைச் சுமந்து அவனை விடுவிக்கும் எனப் போலும் அவர் வழிவந்தோரும் அட்டைதோறும் வரைந்தனர். அவ்வியந்திரம் உண்மையில் வந்தபோது, அவர் வழித்தோன்றல்களின் கைவேலையையே முதலில் எடுத்துக்கொண்டது. உருப்படிக் கூலியும் மூலத்தின் உடைமையும் பற்றி 1930களில் எழுப்பப்பட வேண்டியிருந்த வினாக்கள், பயிற்சித் தரவு என்ற புதிய பெயரோடு மீண்டும் வந்துள்ளன. இயந்திரத்தின் மீது பழி சுமத்துவதால் அவ்வினாக்களுக்கு விடை கிடைக்காது. இயந்திரம் யாருடையது, அது யாருடைய உழைப்பைத் தின்று வளர்ந்தது, அவ்வுழைப்புக்கு என்ன ஈடு என்பனவே கேட்கப்படவேண்டியவை.

விஞ்ஞானப் புனைகதைச் சித்திரங்களின் அழகியற் பெறுமதி பற்றிய மதிப்பீட்டை இக்கட்டுரை மறுக்கவில்லை. அதனை மேலும் கடினமாக்கவே முயல்கிறது. பின்லேயின் புள்ளிகளை வியப்போடு நோக்கும் வாசகன், அவற்றில் ஒவ்வொன்றும் ஒருவனது வாழ்நாளின் கணம் என்பதையும், அக்கணங்களுக்கு உரிய விலை கொடுக்கப்படவில்லை என்பதையும் உடன் அறிந்து நோக்குவானாயின், அவனது இரசனை குறைந்துவிடாது. எழுத்தாளரை ஆராய்ந்த அளவுக்கு இவ்வோவியரின் ஒப்பந்தங்கள், கணக்குகள், கடிதங்கள் ஆகியனவும் ஆராயப்படும்போதே விஞ்ஞானப் புனைகதையின் வரலாறு முழுமை பெறும்.